அப்பாவின் எண்பதுக்கு வந்த பழம்பாட்டுக் குழு: பாட்டுக்கு நாலரை, சவுண்டுக்கு ஒன்று

போன மாதம் அப்பாவுக்குச் சதாபிஷேகம். காலையில் ஹோமம், கலச அபிஷேகம், பந்தி எல்லாம் முடிந்த பிறகு சாயங்காலம் சும்மா உட்கார்ந்து ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பதில் ஒரு பாட்டுக் கச்சேரி வைக்கலாமே என்று தம்பி சொன்னான். அவன் சொல்லிவிட்டுப் போய்விட்டான், குழு தேடுகிற வேலை என் தலையில். பத்துப் பதினைந்து பேருக்குப் போன் போட்டு, கடைசியில் ஒரு குழுவைப் பிடித்தேன். அவர்களைப் பற்றித்தான் இது. குழுவின் பெயரை எழுதவில்லை. பாதிக்கு மேல் நல்லது சொல்லப் போகிறேன் என்றாலும் மீதி கொஞ்சம் காரமாக இருக்கும், பாடிப் பிழைக்கிறவர்கள் வயிற்றில் அடிக்க எனக்கு இஷ்டமில்லை. ஆனால் இந்த மாதிரி ஒரு குழுவை நீங்கள் கூப்பிடப் போகிறீர்கள் என்றால் என்ன கேட்க வேண்டும், எதில் ஏமாறக்கூடாது என்பதற்கு இது உதவும்.

விவரம் முதலில். மேற்கு மாம்பலத்தில் நூற்றைம்பது பேர் உட்காரும் சின்ன மண்டபம். மூன்று மணி நேரக் கச்சேரி. ஏழு பேர்: ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று, ஆர்மோனியம், வயலின், தபலா, கீபோர்டு, இவர்களோடு மைக்கில் பேச ஒரு தொகுப்பாளர். குழுவுக்கு 42,000 ரூபாய், சவுண்ட் தனியாக 8,000. பத்தாயிரம் முன்பணம், மீதி கச்சேரி முடிந்ததும். இந்த ரேட் அதிகமா குறைவா என்றால், அறுபதுகளுக்குப் பிறகு வந்த பாட்டு மட்டும் பாடுகிற குழுக்கள் இதைவிடக் குறைவாகவே கேட்டார்கள். பெரும்பாலான குழுக்களின் பழைய பாட்டு என்பது விஸ்வநாதன் ராமமூர்த்தியில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் போகச் சொன்னால் "சார், அதெல்லாம் இப்ப யாரு கேக்கறாங்க" என்கிறார்கள். இந்தக் குழுவை நடத்துகிறவர் மட்டும் போனில் கேட்ட முதல் கேள்வியே, "சார், எந்த வருஷம் வரைக்கும் பின்னாடி போகணும்?" அங்கேயே நான் விழுந்துவிட்டேன்.

1937 வரைக்கும் போவோம் என்றார். 1937 என்றால் சிந்தாமணி படம், அதில் பாடி நடித்த எம்.கே.தியாகராஜ பாகவதர், 'ராதே உனக்கு கோபம் ஆகாதடி'. பாட்டுப் பட்டியலை வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னேன், பத்து நிமிடத்தில் அறுபது பாட்டு வந்தது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் படம், வருடம், ராகம். வருடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எனக்குத் தெரிந்த வரையில் தப்பில்லை. இப்படிப் பட்டியல் போடுகிற குழுவை நான் பார்த்ததே இல்லை.

அப்பா கேட்டது ஒரே ஒரு பாட்டு. 'மன்மத லீலையை வென்றார் உண்டோ.' ஹரிதாஸ் படத்தில் பாகவதர் பாடியது. மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம், இது மட்டும் இருக்கணும் என்று சொல்லிவிட்டார்.

இதை நான் குழுக்காரரிடம் சொன்னதும் மறுமுனையில் ஒரு சின்ன மௌனம். அப்புறம் மெதுவாக, "சார், விசேஷம் சதாபிஷேகம்னு சொன்னீங்க. அதே ஹரிதாஸ் படத்துலயே 'அன்னையும் தந்தையும் தானே' இருக்கு. அப்பா அம்மாவை மணையில உக்கார வச்சு அதைப் பாடினா சபையே கண் கலங்கும். இது வந்து..." என்று இழுத்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஹரிதாஸ் என்ன கதை? பெற்றவர்களை மதிக்காத ஒரு பணக்காரப் பிள்ளை, ரம்பா என்ற தாசியின் பின்னால் அலைந்து சொத்தையெல்லாம் தொலைத்து, காலையும் இழந்து, கடைசியில் தாய் தந்தைக்குச் செய்யும் சேவையிலேயே பகவானைப் பார்க்கிறான். பண்டரிபுரத்துப் பாண்டுரங்கன் கதைகளோடு சேர்ந்தது. 'அன்னையும் தந்தையும்' அவன் திருந்திய பிறகு பாடுவது. 'மன்மத லீலை' அவன் கெட்டுக் குட்டிச்சுவராக இருக்கும்போது அந்த ரம்பாவைப் பார்த்துப் பாடுவது. பிள்ளைகள் கூடி அப்பாவுக்கு எண்பது வயது கொண்டாடும் மேடையில், அப்பா அம்மாவை விரட்டிவிட்ட பிள்ளையின் காதல் பாட்டு! நான் சிரித்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. "அதெல்லாம் கதை. பாட்டைப் பாடச் சொல்லு" என்றார்.

சரி, இந்தப் பாட்டின் மேல் அப்பாவுக்கு என்ன அப்படி என்றால், அவர் 1945-ல் பிறந்தவர், தங்கசாலையில். பிராட்வே தியேட்டர் நடந்து போகிற தூரம். ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு வந்து அந்தத் தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்த படம். எங்கள் பாட்டி அப்பாவை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு தடவையும், இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று தடவையும் பார்த்ததாகச் சொல்லுவார். மாமியார் எதிரில் 'கிருஷ்ணா முகுந்தா முராரே' மட்டும்தான் முணுமுணுப்பாராம், அடுப்படியில் தனியாக இருந்தால் 'மன்மத லீலை'யாம். பக்திப் படம் என்று சொல்லிக்கொண்டு குடும்பத்தோடு போகலாம், போன இடத்தில் டி.ஆர்.ராஜகுமாரி பறக்கும் முத்தம் கொடுப்பதையும் பார்த்துவிட்டு வரலாம், திரும்பி வந்து துளசி மாடத்தில் விளக்கேற்றலாம். அந்தப் படம் அப்படி ஓடியதற்கு இந்த வசதியும் ஒரு காரணம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

சரி, கச்சேரிக்கு வருவோம்.

ஆறு மணி என்றார்கள், ஆறே முக்காலுக்குத் தொடங்கினார்கள். காரணம் சவுண்ட். அவர்களோடு எப்போதும் வருகிற சவுண்ட் ஆள் வரவில்லை என்று வேறு யாரோ ஒரு பையனை அனுப்பியிருந்தார்கள். அவனுக்கு இரண்டே விஷயம்தான் தெரியும், சத்தம், எக்கோ. நூற்றைம்பது பேர் மண்டபத்துக்கு ஆளுயர ஸ்பீக்கர் நாலு வைத்துவிட்டான். தபலாவைத் தட்டினால் என் பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலில் அலை அடித்தது. விநாயகர் பாட்டு முடிவதற்குள் பெரியப்பா காதில் இருந்த மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். நானே இரண்டு தடவை எழுந்து போய்க் குறைக்கச் சொன்னேன், குறைக்கிற மாதிரி கை காட்டுவான், நான் திரும்பி வந்து உட்காருவதற்குள் பழையபடி ஏறியிருக்கும். இந்த 8,000 ரூபாய் எனக்கு இன்னும் எரிகிறது. நீங்கள் கூப்பிட்டால் சவுண்டை அவர்களிடம் விடாதீர்கள், உங்களுக்குத் தெரிந்த ஆளை வைத்துக்கொள்ளுங்கள், பத்துப் பைசா கூடப் போனாலும் பரவாயில்லை.

அடுத்தது தொகுப்பாளர். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இரண்டு நிமிடம் அதன் கதை சொல்வது இந்தக் குழுவின் தனிச்சிறப்பாம், விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். நல்ல குரல், நல்ல தமிழ், சபையைப் பிடித்து வைக்கத் தெரிந்த மனிதர். ஆனால் சரக்கில் பாதி தப்பு. 'மன்மத லீலை'க்கு முன்னால் அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: படம் ஆயிரம் நாள் ஓடியது, படம் வந்த தீபாவளி அன்றே பாகவதரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது, பாபநாசம் சிவன் பக்திமான் என்பதால் இந்தப் பாட்டை எழுத மறுத்து வேறு ஒருவரை எழுதச் சொன்னார். கேட்கிறவர்களுக்கு நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

எத்தனை நாள் ஓடியது என்பதில் ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள், ஆனால் முதல் தீபாவளியிலிருந்து மூன்றாவது தீபாவளி வரைக்கும் எண்ணினாலே அது இரண்டு வருடமும் சில நாட்களும்தான். ஆயிரம் எங்கிருந்து வரும்? படம் வெளியானது 1944 அக்டோபர் 16. மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தனை வேப்பேரியில் கத்தியால் குத்தியது நவம்பர் 8, அடுத்த நாள் அவர் இறந்து போனார். அந்தக் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானது டிசம்பர் கடைசியில். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றத்திலும் அது நின்றது, அப்புறம் அந்தக் காலத்தில் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், மறுபடி விசாரித்து, 1947 ஏப்ரலில்தான் விடுதலை. என்.எஸ்.கிருஷ்ணனும் ஹரிதாஸில் நடித்தவர் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அதாவது படம் பார்த்த மூன்று தீபாவளியில் முதல் தீபாவளிக்கு மட்டும்தான் பாகவதர் வெளியே இருந்தார். மற்ற இரண்டுக்கும் அவர் உள்ளே, அவர் குரல் பிராட்வேயில். தினமும் மூன்று வேளை அந்தத் திரையில் ஜரிகை வேட்டியும் கிராப்பும் காதில் கடுக்கனுமாக நின்று 'வென்றார் உண்டோ' என்று அவர் கேட்டுக்கொண்டிருக்க, கைதி உடையில் நிஜ மனிதர் வேறு எங்கோ. டிக்கெட் வாங்கினவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்துதான் போனார்கள், திரும்பத் திரும்பப் போனார்கள். என் பாட்டி போனதும் அந்த 1945-ல், 46-ல்தான். இந்த நிஜக் கதை இவ்வளவு இருக்கும்போது தீபாவளி அன்றே கைது என்று ஒரு பொய்யை எதற்குச் சேர்க்க வேண்டும்?

சிவன் விஷயம் இன்னும் மோசம். அந்தப் பாட்டை எழுதியதும் மெட்டுப் போட்டதும் பாபநாசம் சிவனேதான், வாத்தியக் கோர்ப்பு ஜி.ராமநாதன். மயிலாப்பூர் மாட வீதியில் மார்கழி விடிகாலையில் பஜனை பாடிக்கொண்டு போன அதே மனிதர். 'நானொரு விளையாட்டு பொம்மையா' என்று அம்பாளைக் கேட்ட அதே பேனாதான் ரம்பாவைப் பார்த்து, என்னோடு பேசினால் உன் வாய் முத்து உதிர்ந்துவிடுமா என்றும் கேட்டது. இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. பதம், ஜாவளி என்கிற நம்முடைய பழைய காதல் பாட்டுகளில் நாயகன் நாயகியின் ஊடல்தானே முழுக்க முழுக்க, பெரிய பெரிய பக்தர்கள்தானே அதைப் பாடி வைத்தார்கள். சிவன் சினிமாவுக்கு எழுதிய காதல் பாட்டுகளைப் பாருங்கள், பாகவதர் ஒரு பெண்ணை நேராக வர்ணிப்பது கொஞ்சம், கெஞ்சுவது அதிகம். 1937-ல் ராதைக்குக் கோபம் ஆகாது என்று கெஞ்சினார், 1944-ல் என் மேல் ஏன் பாராமுகம் என்று கெஞ்சுகிறார். அந்தக் கெஞ்சலைப் பார்க்கத்தான் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள் என்று நான் நினைக்கிறேன். வீட்டில் யார் அவர்களிடம் அப்படிக் கெஞ்சினார்கள்?

இதையெல்லாம் மேடை ஏறிச் சொல்லவா முடியும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாட ஆரம்பித்தார்கள்.

பாடகருக்கு நாற்பது வயது இருக்கும், முறையாகச் சங்கீதம் படித்தவர் என்று முதல் இரண்டு ஸ்வரத்திலேயே தெரிந்தது. அவர் செய்த முதல் நல்ல காரியம், பாகவதர் சுருதியைத் தொட முயற்சி செய்யாதது. பாகவதர் சின்னப் பையனாகத் திருச்சியில் நாடக மேடையில் தொடங்கியவர். மைக் இல்லாத காலம், கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும், அதனால் அந்தத் தலைமுறை நடிகர்கள் எல்லோருக்கும் குரல் உச்சியில் நிற்கும். பாகவதருக்கு அது கத்தலாக ஆகாமல் தேனாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது சில பேர் அந்தச் சுருதியிலேயே பாடுகிறேன் பேர்வழி என்று மூக்கால் பாடிப் பாகவதரைக் கேலிப் பொருளாக்கிவிடுகிறார்கள். இவர் ஆர்மோனியக்காரரிடம் குனிந்து இரண்டரைக் கட்டை என்று சொன்னது முன்வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. தன் குரலுக்கு எது வருமோ அதில் நின்று பாடினார். பாகவதரின் பிருகாவில், அதாவது ஸ்வரங்களை வேகமாக உருட்டிப் பாடுவதில், பத்துக்கு ஏழு வந்தது. வராத மூன்றையும் வந்த மாதிரி காட்டாமல் விட்டுவிட்டார், அதுவே பெரிய மரியாதை.

ராகம் சாருகேசி. இது தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தெரியாதவர்களுக்கு: 26-வது மேளகர்த்தா (தாய் ராகம்), கீழ்ப் பாதியைக் கேட்டால் சங்கராபரணம் மாதிரி வெளிச்சமாக இருக்கும், பஞ்சமத்தைத் தாண்டி மேலே போனால் தோடியின் ஸ்வரங்கள், அங்கே ஒரு ஏக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சிரித்துக்கொண்டே ஆரம்பித்துக் கெஞ்சலில் முடிகிற ஒரு பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ராகம் கிடைக்காது. தியாகராஜருடைய 'ஆடமோடி கலதே' இந்த ராகத்தில் இருந்தாலும், சாருகேசி என்றால் தமிழ்நாட்டில் சாதாரண ஜனங்களின் காதுக்கு வந்தது 'மன்மத லீலை' வழியாகத்தான். ஜி.ராமநாதனுக்கு அந்த ராகத்தின் மேல் ஒரு பிடிப்பு இருந்திருக்க வேண்டும். 1956-ல் மதுரை வீரனில் 'ஆடல் காணீரோ', 1958-ல் சாரங்கதாராவில் 'வசந்த முல்லை போலே வந்து', இரண்டும் சாருகேசிதான். இதைக் குழு கவனித்திருக்கிறது! 'மன்மத லீலை' முடிந்த கையோடு சுருதியை மாற்றாமல் 'வசந்த முல்லை'க்குப் போனார்கள், நடுவில் வயலின்காரர் ஒரு நிமிடம் சாருகேசியைத் தடவிக் கொடுத்தார். தொகுப்பாளர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆயிரம் நாள் கதையை விட்டுவிட்டு இதைச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம்.

கெடுத்தது கீபோர்டு. அதில் ஒரு ரெடிமேட் தாளத்தைத் தட்டிவிட்டு அவர் பாட்டுக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலேயே ஒரு நல்ல தபலாக்காரர் இருக்கிறார், அவர் விரலுக்கு இடம் கொடுக்காமல் டிக் டிக் என்று ஒரு மெஷின். பாகவதர் பாட்டில் ஒரு சொல்லை நீட்டி, கொஞ்சம் நிறுத்தி, பிறகுதான் தாளத்தில் வந்து விழுவார், அந்த நிறுத்தம்தான் கொஞ்சல். மெஷின் நிற்குமா? முதல் சரணம் முழுக்கப் பாடகர் மெஷினைத் துரத்திக்கொண்டே இருந்தார். அப்பா இதைக் கவனித்துவிட்டார். கையை உயர்த்தி, "தம்பி, அந்தப் பொட்டியை அணைச்சிடு, தபலா மட்டும் போதும்" என்றார். பாடகர் உடனே கையெடுத்துக் கும்பிட்டு, "சரிங்க ஐயா, ஆரம்பத்திலேருந்து பாடுறேன்" என்று திரும்பவும் பல்லவியில் தொடங்கினார். அதற்கப்புறம் பாட்டே வேறு.

படத்தில் அந்தப் பாட்டு நடுவே ஒரு இடம் வரும், பாகவதர் 'ரம்பா' என்று கூப்பிடுவார், ராஜகுமாரி 'சுவாமி' என்பார். அவ்வளவுதான், ஒரு சொல். ஆனால் பார்த்தவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். ராஜகுமாரி தஞ்சாவூர்க்காரர், பரம்பரையாகவே பாட்டும் ஆட்டமும் உள்ள குடும்பம், கச்ச தேவயானியில் பெயர் வாங்கியவர், பிற்பாடு தி.நகரில் தன் பெயரிலேயே தியேட்டர் கட்டிக்கொண்டவர். அந்த ஒரு 'சுவாமி'யில் அவர் பணிவையும் வைத்திருப்பார், இவன் நம் கைக்குள் வந்துவிட்டான் என்கிற கணக்கையும் வைத்திருப்பார். எங்கள் மேடையில் பாடகர் சரியாக அந்த இடத்தில் நிறுத்தி, பெண் பாடகி பக்கம் திரும்பி, 'ரம்பா' என்றார். அந்தப் பெண் போனில் அடுத்த பாட்டின் வரிகளைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு வினாடி, இரண்டு வினாடி. அப்போது இரண்டாவது வரிசையிலிருந்து, அப்பாவின் தங்கை, எழுபத்தாறு வயது, முழங்கால் ஆபரேஷன் ஆகி வாக்கரோடு வந்திருந்த என் அத்தை, மைக் இல்லாமல், அந்தச் சவுண்ட் பையனின் ஸ்பீக்கரையும் மீறி, "சுவாமீ!" என்றார்.

மண்டபம் இடிந்துவிடும் போலச் சிரிப்பு. அத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் விசிறியை எடுத்து விசிற ஆரம்பித்தார். அப்பாவுக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அம்மா துண்டை எடுத்துக் கொடுத்தார். "எங்க அம்மா மாதிரியே சொல்றா பாரு" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். பாடகர் கெட்டிக்காரர், தொடர்ந்து பாடாமல் அத்தை பக்கம் கும்பிட்டுவிட்டு இன்னொரு தடவை 'ரம்பா' என்றார், அத்தையும் இன்னொரு தடவை.

மற்ற பாட்டுகளைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'ராதே உனக்கு' நன்றாக வந்தது. 'கிருஷ்ணா முகுந்தா முராரே' பிரமாதம், பெரியவர்கள் எல்லோரும் கூடவே பாடினார்கள். அசோக்குமார் படத்து 'உன்னைக் கண்டு மயங்காத பேர்களுண்டோ' சுமார். 'அன்னையும் தந்தையும்' கடைசியில் பாடினார்கள், குழுக்காரர் சொன்னபடியே பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அதில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஐம்பதுகளுக்கு வந்ததும் தரம் இறங்கிவிட்டது. எட்டு மணிக்கு மேல் நாலைந்து பாட்டுக்கு வாத்தியக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருக்க, கரோக்கி டிராக் போட்டுப் பாடினார்கள். ஏழு பேருக்குக் காசு கொடுத்துவிட்டு டிராக் கேட்பது என்ன நியாயம்? இதை முன்கூட்டியே சொல்லவில்லை. நீங்கள் பேசும்போதே 'டிராக் கூடாது, எல்லாம் நேரடி வாத்தியம்' என்று வாட்ஸாப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறை, பாட்டை இழுப்பது. சபை கைதட்டினால் சரணத்தைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். 'மன்மத லீலை' மட்டும் ஒன்பது நிமிடம் போனது. அத்தை விவகாரம் இருந்ததால் அதை மன்னிக்கலாம், மற்ற பாட்டுக்கும் இதே கதை. ஹரிதாஸே யுத்தகாலத்துப் படம். பிலிம் தட்டுப்பாடு, ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசாங்க உத்தரவு, அதாவது சுமார் இரண்டு மணி நேரம். பத்து வருடம் முன்னால் பாகவதரின் முதல் படமான பவளக்கொடியில் ஐம்பது பாட்டு போட்டார்கள், இங்கே அதில் பாதிகூட இல்லை. ஒவ்வொரு பாட்டும் வந்த வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிடும். படத்தை இப்போது பார்த்தாலும் அலுக்காமல் இருப்பதற்கு சுந்தர்ராவ் நட்கர்னியின் டைரக்‌ஷன் ஒரு காரணம் என்றால், அந்த 11,000 அடி இன்னொரு காரணம்.

சாப்பாட்டு விஷயம் ஒன்று. குழுவினர் ஏழு பேரும் கச்சேரிக்கு முன்னால் டிபன், முடிந்ததும் சாப்பாடு இரண்டும் எதிர்பார்க்கிறார்கள், சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள். பாடகர் மட்டும் முன்னால் எதுவும் சாப்பிடவில்லை, வெந்நீர் மட்டும் கேட்டார். ஒரு பிளாஸ்க் தயாராக வைத்துவிடுங்கள்.

கச்சேரி முடிந்து பணம் கொடுக்கும்போது தொகுப்பாளரைத் தனியாகக் கூப்பிட்டுத் தேதிகளைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பிரிவி கவுன்சிலுக்கு ஸ்பெல்லிங் கேட்டார். ஆயிரம் நாளை மட்டும் விட மனமில்லை அவருக்கு, "மூணு தீபாவளின்னாலும் ஜனங்க கை தட்டுவாங்களா சார்?" என்றார். அந்த இரண்டு தீபாவளிக்குப் பாகவதர் எங்கே இருந்தார் என்று சொல்லிப் பாருங்கள், தட்டுவார்கள் என்றேன். அடுத்த கச்சேரியில் என்ன சொல்கிறார் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லுங்கள்.

மொத்தத்தில், பாகவதர் காலத்துப் பாட்டுதான் வேண்டும் என்றால் கூப்பிடலாம், இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் பேசுங்கள், மூன்றாவது மணி நேரம் தண்டம். ஐம்பது, அறுபதுகளின் பாட்டு என்றால் வேறு நல்ல குழுக்கள் இருக்கின்றன. பாட்டுக்கு ஐந்துக்கு நாலரை, தபலாவுக்கும் வயலினுக்கும் அதேதான், கீபோர்டுக்கு இரண்டு, சவுண்டுக்கு ஒன்று.

கச்சேரியை முழுசாக வீடியோ எடுத்துப் பென்டிரைவில் பத்து நாளில் தருகிறோம் என்றார்கள், அது அந்த 42,000-ல் அடக்கம். இன்றோடு இருபத்திரண்டு நாள். நான் இரண்டு தடவை கேட்டேன், "எடிட்டிங் போகுது சார்" என்கிறார்கள். தினமும் போன் போட்டுக் கேட்பது நான் இல்லை, அத்தை.